ஒன்றரை அங்குலம்

இப்படி வேப்பமரத்துக்கு அடியில் வந்து உட்காருங்கள் தம்பி. டிராக்டர் நிழலில் நின்றால் இன்ஜின் சூடு அடிக்கும். கம்ப்ரசரை அணைத்துவிட்டீர்களா? அணைத்தது நல்லதுதான். ரோட்டை மறித்து உட்கார்ந்திருக்கிற அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ரோட்டில் எப்படி உட்காருவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். முன் வரிசையில் பெண்கள், பின்னால் வயசானவர்கள், ஆண்கள் ஓரத்தில். போலீஸ் வந்தால் பெண் போலீஸ் வரட்டும் என்று சொல்லணும். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். பாருங்கள், வரிசை பிசகவில்லை.

மணி என்ன? ஒன்றேகாலா? மூன்று மணிக்கு என் சம்சாரம் வருகிறாள். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறாள். அதற்குள் நீங்கள் வேலையை முடித்தாக வேண்டும். ஆமாம் தம்பி, முடித்தாக வேண்டும். நான் தடுக்க வந்தவன் என்று நினைத்தீர்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நீங்கள் எந்த ஊர்? தாராபுரமா? அப்படியானால் என்னைத் தெரியாது. மயில்சாமி. இந்த மில் காலனியில் சின்னப் பிள்ளைகூட என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடும். நீங்கள் கொத்த வந்திருக்கிற அந்த வேகத்தடைக்கு மயில்சாமி மேடு என்று பெயர். மினிபஸ் கண்டக்டர் "மயில்சாமி மேடு யாருங்க, முன்னால வாங்க" என்று கத்துவான். சொந்தப் பெயரைப் பஸ்ஸில் கேட்கும் பாக்கியம் மந்திரிக்குக்கூடக் கிடைக்காது.

நான் எட்டாவதோடு மில்லுக்குப் போனவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். சைக்கிள் கேரியரில் கட்டுக்கட்டாக வரும். கொடுப்பதற்கு முன் ஒன்றை நான் படிப்பேன். பிறகு நானே எழுதினேன். என் மனுவைப் பார்த்து வக்கீல்கள் திருத்திக்கொண்டதுண்டு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு என்ன மிச்சம் இருக்கிறது? மில்லை மூடினான். சங்கம் மூன்றாக உடைந்தது. சங்கக் கட்டடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அறிக்கைகளைக் கரையான் தின்றுவிட்டது. நாற்பது வருஷப் போராட்டத்தில் கையால் தொட்டுப் பார்க்கும்படி நிற்பது இந்த மேடு ஒன்றுதான்.

அதோ முன் வரிசையில் அரக்குச் சேலை, அதுதான் துளசியம்மா. அவள் மகள் பூங்கொடி, ஏழு வயசு, இந்த இடத்தில்தான் லாரியில் அடிபட்டுப் போனாள். இரண்டு வருஷம் மனு மேல் மனு போட்டேன். பதில் இல்லை. பிறகு பதினோரு நாள் ரோட்டில் உட்கார்ந்தோம். பதினோராம் நாள் நெடுஞ்சாலைத் துறை ஆள் வந்து தார் ஊற்றி வேகத்தடை போட்டுக்கொடுத்தான். நாலு அங்குல உயரம், சரிவு நீளமாக. முறைப்படித்தான் போட்டான். அது உண்மை.

ஆனால் ஜனங்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதினோரு நாள் கூடிய கூட்டம் ஒரு சாயங்காலத்தில் கரைந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். "ஏழு அங்குலம் போடணும், நாலு போட்டு ஏமாத்திட்டான்" என்று தெருத்தெருவாகச் சொன்னேன். ஏழு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை தம்பி. நான் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சிமெண்டு, ஜல்லி, மணல். முதல் சட்டிக் கலவையைத் துளசியம்மாதான் கொட்டினாள். அரசாங்கத்தின் நாலு அங்குலத்துக்கு மேல் எங்கள் மூன்று அங்குலம். வண்டிகள் அடியை உரசிக்கொண்டு, திட்டிக்கொண்டே போகும். அந்தத் திட்டுதான் எனக்குக் கிடைத்த விருது.

அடுத்தது ஸ்பிரிங், கார் ஸ்பிரிங். ஸ்பிரிங்கைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஏனென்றால் தப்பு ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது.

என் மகன் செங்கதிர் பம்பு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கினான். வாங்கட்டும். தொழிலாளி கார் வாங்கக்கூடாது என்று எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை. ஒரு நாள் கூரியரில் கனமான பெட்டி வந்தது. உள்ளே நாலு ஸ்பிரிங், நீலப் பெயிண்ட் அடித்தது. என்னடா இது என்றேன்.

"வண்டியைத் தாழ்த்தறதுக்குப்பா."

"தாழ்த்தறதா? எதுக்கு?"

"வளைவுல ஆடாது. ரோட்டை ஒட்டிட்டுப் போகும். பாக்கவும் லட்சணமா இருக்கும். சிலரு பழைய ஸ்பிரிங்கையே கிரைண்டர்ல ஒரு சுத்து வெட்டி விட்டுருவாங்க. அது ஆபத்து. இது அளவாச் செஞ்சது. கம்பி தடிமன், உயரம் கம்மி. ஒன்றரை அங்குலந்தான் எறங்கும்."

அவனும் அவன் சிநேகிதனும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வைத்து மாற்றினார்கள். நானும் போய் நின்றேன். பழைய ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கவ்வி, நூல் நூலாக முறுக்கி அமுக்கணும். பிடி நழுவினால் தெறித்து ஆளையே கொன்றுவிடுமாம். அவன் அமுக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பதற்றம் இல்லை. முப்பது வருஷ ஃபிட்டர் தோற்பான். இதை அவனிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

வண்டியைக் கீழே இறக்கினதும் சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் போனது. அவன் முகமெல்லாம் சிரிப்பு. நான் சொன்னேன், "நாங்க நிமிர்ந்து நிக்கறதுக்கு அடி வாங்கினோம். நீ காசு குடுத்துக் குனியறே."

சிரிப்பு போய்விட்டது. "ஒருக்கா உக்காந்து பாருங்கப்பா" என்றான். உட்கார்ந்தேன். மேம்பாலத்து வளைவில் தண்ணீர் வழிகிற மாதிரிப் போனது. உடம்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயவே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அதை விடுங்கள்.

காலனிக்குத் திரும்பினோம். மேட்டில் அடிவயிறு 'கர்ர்' என்று உரசியது. அவனுக்குத் தன் முதுகிலேயே கீறின மாதிரி இருந்திருக்கும். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் வந்தது. மேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். எல்லாரும் இறங்கி நடந்து மேட்டைத் தாண்டுவோம். செங்கதிர் தனியாக, கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். பிறகு ஏறிக்கொள்வோம். மாராத்தா, என் சம்சாரம், அதையும் ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். மினிபஸ் கண்டக்டர் குரலில் கத்துவாள்: "மேடு வந்தாச்சு! எல்லாரும் எறங்குங்க!" மருமகள் சுகந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகும்போதுகூட அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கதிர் கேட்டான். "அப்பா, நம்ம போட்ட அந்த மூணு அங்குலத்தை மட்டும் செதுக்கி, சரிவா இழுத்து விட்டா என்னப்பா? நாலு அங்குலம் இருந்தாலே வண்டி மெதுவாத்தானே போகும்?"

நியாயமாகத்தான் கேட்டான் என்கிறீர்களா? தம்பி, உங்களுக்கு அரசியல் தெரியாது. ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தால் முழு மேடும் போகும். அன்றைக்கே துண்டறிக்கை எழுதினேன். 'காரைத் தாழ்த்தியவன் ஊரைத் தாழ்த்தப் பார்க்கிறான்!' பெயர் போடவில்லை. போடாவிட்டால் தெரியாதா? காலனியில் தாழ்த்தின கார் ஒன்றுதானே. டீக்கடையில் நானே கொடுத்தேன். அவனும் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "எழுத்துப்பிழை இல்லைப்பா" என்றான். அதற்கப்புறம் மேட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

மணி என்ன? ஒன்றரை தாண்டிவிட்டதா? கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. மாராத்தா அடுப்படியில் விழுந்தாள். போய்த் தூக்கினால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. வலது கை என் தோளிலிருந்து நழுவி நழுவி விழுகிறது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினோம். முப்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அன்றைக்குச் செங்கதிருக்கு ஷிஃப்ட் மாற்றம், வீட்டில் இருந்தான். "இருபது நிமிசத்துல நானே கொண்டு போயிருவேன்" என்று காரை எடுத்தான். பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்து, தலையைச் சுகந்தி மடியில் வைத்து, நான் முன்னால் உட்கார்ந்தேன்.

மேடு வந்தது.

நான் பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். சுகந்தி என்னையே பார்க்கிறாள். "மாமா, அத்தை எப்படி எறங்குவாங்க?" என்றாள். மாராத்தாளுக்கு நினைவு இருந்தது தம்பி. அவளும் என்னைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை.

செங்கதிர் கோணலாக ஏற்றினான். பின்னால் இரண்டு பேர் பாரம். முன் சக்கரம் தாண்டியது. வண்டியின் வயிறு மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, புகை வருகிறது, வண்டி நகரவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஜனங்கள் ஓடிவந்தார்கள். என் காலனி ஜனங்கள், கூப்பிடவே வேண்டாம். தறி ஓட்டுகிற நாச்சிமுத்து ஒரு கடப்பாரையோடு வந்தான். "தோழர், ஓரத்துல நாலு போடு போட்டா மேல் சிமெண்டு பேந்துரும், வண்டி எறங்கிரும்" என்று ஓங்கினான்.

நான் அவன் கையைப் பிடித்தேன்.

"மேட்டுல கை வைக்காதே! வண்டியைத் தூக்குங்கடா!" என்றேன். சத்தமாகச் சொன்னேன். என் குரல் அப்படி. மைக் இல்லாமலே மில் கேட் வரைக்கும் கேட்கும்.

தூக்கினார்கள். எட்டுப் பேர், பிறகு பன்னிரண்டு பேர். உள்ளே அவளை வைத்துக்கொண்டு சாய்க்கவும் முடியாது. நான் ஓரமாக நின்று 'ஏலேலோ' போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி இறங்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்ன வயசுப் பெண், சொன்னாள்: "இதுல ஒவ்வொரு நிமிஷமும் மூளையில போகுதுங்க ஐயா. ஏன் லேட்டு?" நான் ஸ்பிரிங்கைச் சொன்னேன். தாழ்த்தின ஸ்பிரிங், கம்பெனி போட்டதை மாற்றினது, சட்டப்படியும் தப்பு என்று விளக்கமாகவே சொன்னேன். செங்கதிர் பக்கத்தில்தான் நின்றான். கடப்பாரையைப் பற்றி ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் பதில் சொல்லலாம். சொல்லாதவனுக்கு என்ன பதில் சொல்வது?

வலது கை, வலது கால் அசைவு இல்லை. பேச்சு இல்லை. விழுந்ததில் இடுப்பெலும்பும் விரிசல் விட்டு, தகடு வைத்திருக்கிறார்கள். "வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனா வாரத்துக்கு மூணு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வரணும். ஆறு மாசம் கண்டிப்பா வரணும். வழியில குலுங்கவே கூடாது" என்றாள் டாக்டர்.

நாலாம் நாள் வீட்டுக்குப் போனால், செங்கதிர் கார் முன் சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். நீல ஸ்பிரிங் நாலும் சாக்கில் கிடக்கிறது. பரணில் இருந்த பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டுகிறான். நான் யாரிடமும் தோற்காதவன். அன்றைக்கு ஜெயித்தேன். ஜெயித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாட்டி முடித்ததும் குண்டா நிறையத் தண்ணீர் மோந்து பின் சீட்டில் வைத்தான். "உக்காருங்கப்பா" என்றான். மேட்டுக்கு ஓட்டினான். இந்த முறை நான் இறங்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில், கோணலாக, அவ்வளவு பதனமாக ஏற்றி இறக்கினான். உரசவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் குண்டாவை எடுத்து என் மடியில் வைத்தான். பாதித் தண்ணீர் இல்லை. சீட்டெல்லாம் ஈரம். துண்டை எடுத்து நானே சீட்டைத் துடைத்தேன்.

அப்புறந்தான் இந்த மனு. ஆமாம் தம்பி, உங்களை இங்கே வரவழைத்த மனு என்னுடையதுதான். 'சட்ட விரோதமாக உயர்த்தப்பட்ட மூன்று அங்குலத்தை அகற்றி முறையான அளவில் சரிவு அமைக்க வேண்டும். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.' கையெழுத்து தெரிந்துவிடும் என்று அச்சு எழுத்து மாதிரி எழுதினேன். சிறைக்குப் போனபோதுகூட ஒளிந்து எழுதாதவன். வேகத்தடை வேண்டும் என்று கேட்டதற்கு இரண்டு வருஷமும் பதினோரு நாளும். இதற்கு எத்தனை நாள் தெரியுமா? ஒன்பது நாள். சுண்ணாம்புக் கோடு போட ஆள் வந்துவிட்டான். ஜெயித்த மனுக்களிலேயே வேகமாக ஜெயித்தது இதுதான்.

கோட்டைப் பார்த்ததும் காலனி கொதித்துவிட்டது. முழு மேட்டையும் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நேற்று துளசியம்மாவும் நாச்சிமுத்தும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோழர், அக்கா படுத்துக் கெடக்கறப்ப நீங்க ரோட்டுக்கு வர வேண்டாம். நீங்க சொல்லிக்குடுத்தது எங்களுக்கு மறக்கலை. நாங்க பாத்துக்கறோம். எவனோ நம்ம பேரைப் போட்டு மனு குடுத்திருக்கறான். அவன் கை வெளங்குமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உறுதியா நில்லுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் சொன்ன வாய்.

கேட்கிறதா? மைக்கில் நாச்சிமுத்து படிக்கிறானே, அது என்ன என்று கவனித்தீர்களா? 'காரைத் தாழ்த்தியவன் ஊரைத் தாழ்த்தப் பார்க்கிறான்.' என் பழைய அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொன்று கையில் வைத்திருக்கிறார்கள். என் மகன் மூன்று மணிக்கு அவன் அம்மாவைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு இதற்குள்தான் வர வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகலாமே என்கிறீர்களா? ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு பண்ணுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னேன். இடது கையால் என் வாயைப் பொத்தினாள். கண்ணில் தண்ணீர். நாலு பேர் தோளில் தூக்கித் தெருவுக்குள் போனால் அது வேறு ஊர்வலம் தம்பி. அவளுக்கு அது வேண்டாம். வண்டியில் வந்து வாசலில் இறங்கணும். இன்றைக்குத் தூக்கிவிட்டாலும் வாரத்துக்கு மூன்று நாள் யார் தூக்குவது?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் போய், மேலிடத்து உத்தரவு, மூன்று அங்குலம் மட்டுந்தான் எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சொல்லிப் பார்த்துவிட்டீர்களா? என்ன சொன்னார்கள்? 'தோழர் வந்து சொல்லட்டும், எந்திரிக்கறோம்' என்றார்களா?

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

எழுந்து போய்ச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அரை நிமிஷம். 'மூன்று அங்குலம் நான் சொன்ன பொய், பூங்கொடிக்கு நாலே போதும்', அவ்வளவுதான் சொல்லணும். சொன்னால் துளசியம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவள் கொட்டின முதல் சட்டிக் கலவை அது. பதினோரு நாள் பட்டினியாக என் பக்கத்தில் உட்கார்ந்த பொம்பளை. நாளைக்கு மினிபஸ்காரன் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவான்? ஸ்பிரிங்கை மாற்றியது அவன் தப்புத்தான். அதை நான் விட மாட்டேன். ஆனால் அவன் தாழ்த்தினது ஒன்றரை அங்குலம். நான் உயர்த்தினது...

அது யார் வண்டி? அந்த முக்கில் திரும்புகிறதே, சிவப்பு. மணி இரண்டுகூட ஆகவில்லையே. சீக்கிரம் விட்டுவிட்டார்களா? அவன்தான். எவ்வளவு மெதுவாக வருகிறான் பாருங்கள். உள்ளே நிறைகுடம் இருக்கிற மாதிரி.

நின்றுவிட்டான். மைக்கைக் கேட்டிருப்பான். ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க மாட்டான்.

சுகந்தி கண்ணாடியை இறக்குகிறாள். பின் சீட்டில் ஒரு கை தெரிகிறதா உங்களுக்கு? எனக்குக் கண் சரியில்லை. இடது கையா? ஆட்டுகிறாளா?

டிராக்டரில் கடப்பாரை இருக்கிறதா தம்பி? கொடுங்கள். வேண்டாம், மெஷினைப் போடாதீர்கள். மெஷின் போட்டால் அரசாங்கம் பண்ணினதாக ஆகிவிடும். முதல் போடு என் கையால் விழட்டும், மிச்சத்தை நீங்கள் பாருங்கள். கனமாக இருக்கிறது. பரவாயில்லை, ஊன்றிக்கொண்டு போகிறேன்.

என்ன பேசப் போகிறேனா? ஆயிரம் கூட்டத்தில் பேசினவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. முதலில் அவள் சொல்வதையே சொல்கிறேன். அவளால் இனிச் சொல்ல முடியாதே. அதைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வரும்.

நாச்சிமுத்து, மைக்கைக் கொடு. துளசியம்மா, இப்படிப் பாரு.

மேடு வந்தாச்சு. எல்லாரும் எறங்குங்க.